இருக்கை எலும்பும் சைக்கிள் சீற்றும்: தென்மராட்சித் தரைக்கு ஏற்ற ஆசனம் எது?

கொடிகாமம் சந்தியில் நாலு பக்கத்தாலும் வீதிகள் வந்து கூடுகின்றன. கிழக்கே மிருசுவில், எழுதுமட்டுவாள் பக்கம் போகும் கண்டி வீதி. மேற்கே மீசாலை, சாவகச்சேரி ஊடாக யாழ்ப்பாணம். வடக்கே வரணியைக் கடந்து பருத்தித்துறை. தெற்கே கச்சாய்க் கடலேரி. தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் வந்து குவிகிற இந்தச் சந்தைக்கு லொறியும் லான்ட்மாஸ்ரரும் வருகின்றன. ஆனாலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில் சைக்கிளுக்கு இன்றும் பெரும் பங்கு உண்டு. அந்தச் சைக்கிளின் ரயர், ரியூப், செயின், பிறேக் என்று எல்லாவற்றையும் கவனிக்கிற நாம், உடலின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்குகிற சீற்றை மட்டும் கடையில் வந்தபடியே விட்டுவிடுகிறோம். வலித்தால் தடித்த மெத்தைச் சீற் ஒன்று வாங்குகிறோம். அல்லது பழகிவிடும் என்று பேசாமல் இருக்கிறோம். இரண்டுமே சரியான வழி அல்ல என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். உடற்கூற்றியல், ஆய்வு முடிவுகள், இந்தத் தரையின் இயல்பு ஆகிய மூன்றும் ஒரே முடிவைத்தான் சுட்டுகின்றன. பாரம் எந்த எலும்பில் இறங்குகிறது, அதில் எவ்வளவைக் கால் பங்கிட்டுக்கொள்கிறது என்பவற்றைப் பொறுத்தே சீற் சுகம் தரும். ஆகவே அகலமும் உயரமும் சாய்வும் முதலில் கவனிக்கப்பட வேண்டியவை. மெத்தை கடைசியில் வருவது.

முதலில் தரையை எடுத்துக்கொள்வோம். யாழ் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த சமதரை. ஏற்றம் இறக்கம் என்று சொல்லத்தக்கவை இங்கே இல்லை. சைக்கிளுக்கு இதைவிட இலகுவான நிலம் கிடையாது என்று எவருக்கும் தோன்றும். கால்களுக்கு அது உண்மை. ஆசனப் பகுதிக்கோ நிலைமை நேர்மாறானது. மலைநாட்டில் சைக்கிள் ஓடுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று உழக்குகிறார். இறக்கத்தில் பெடலில் நின்றபடியே போகிறார். அந்த நேரங்களில் சீற்றில் அழுத்துண்டிருந்த தசைக்கு இரத்தம் திரும்பி ஓடுகிறது. கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை உழக்குபவருக்கு அப்படி எழும்ப வேண்டிய தேவையே வருவதில்லை. ஏறி இருந்தால் இறங்கும்வரை ஒரே இருப்புத்தான். சோளகக் காற்றோ வாடைக் காற்றோ எதிர்த்து வீசினால் பயணம் நீளும். உடல் முன்னால் குனியும். சீற்றின் முன்மூக்கு தொடைகளுக்கு நடுவிலுள்ள பகுதியை அழுத்தும். தென்மராட்சியின் மணல் ஒழுங்கைகளில் சில்லு புதையும்போது இடுப்பு பக்கவாட்டில் ஆடி உராய்வைக் கூட்டுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் விவரம் திரட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவ்விடத்தில் பொருந்துகிறது. சைக்கிள் ஓடும் நேரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் எழுந்து நிற்பவர்களிடம் பிறப்புறுப்புப் பகுதி விறைத்து உணர்விழக்கும் முறைப்பாடு குறைவாகவே இருந்தது என்று அது கண்டது. சமதரை அந்த வாய்ப்பைத் தானாகத் தருவதில்லை. ஆகவே இங்கே சீற் சரியாக அமைவது மற்ற இடங்களை விட முக்கியமானது.

சைக்கிள் இந்த மண்ணில் பெற்ற இடத்தையும் மறந்துவிட முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் வந்த றலி, ஹம்பர் போன்ற 28 அங்குலச் சில்லு வண்டிகள் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் உரிய மதிப்பான வாகனமாக இருந்தன. 1990 யூனில் யாழ்தேவி புகையிரதம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. அதன் பிறகு குடாநாட்டின் உயிரோட்டமே சைக்கிளில்தான் நடந்தது. நோயாளியும் விறகும் அரிசி மூட்டையும் மாணவரும் சைக்கிளிலேயே போயினர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்த இலட்சக்கணக்கானோரில் பலருக்கு, மூட்டை முடிச்சுகளைக் கட்டித் தள்ளிவர இருந்த ஒரே துணை சைக்கிள். 2006 ஓகஸ்றில் முகமாலைப் பாதை மூடப்பட்டபோதும் அதே நிலை திரும்பியது. 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின், மோட்டார் சைக்கிள்கள் பெருகி, சைக்கிளின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். 2022இல் எரிபொருள் தீர்ந்து, யூன் 28 முதல் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அரசு அறிவித்தபோது, நாடு முழுவதும் சைக்கிளைத் தேடி அலைந்தது. இவ்வளவு பாரத்தைச் சுமந்த ஒரு வாகனத்தின் ஆசனத்தைப் பற்றி நாம் ஒழுங்காக யோசிக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அந்தப் பழைய வண்டிகளின் சீற்றிலிருந்தே பாடம் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பேர்மிங்காமில் 1866இல் ஜோன் போல்ற்பீ புறூக்ஸ் தோல் பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1882இல் சைக்கிள் சீற்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சீற்றில் பஞ்சு கிடையாது, மெத்தை கிடையாது. இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டிய ஒரு தடித்த தோல், அவ்வளவுதான். தொட்டால் பலகை மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தோல் இருப்பவரின் எலும்புக்கு ஏற்றபடி நாளடைவில் இரண்டு இடங்களில் பதிந்து கொடுக்கும். நடுப்பகுதி எழும்பாமல் தொங்கு நிலையில் நிற்கும். நிமிர்ந்து ஓடும் வண்டிகளுக்கு 20 சென்ரிமீற்றர் அளவு அகலத்தில் ஸ்பிறிங் பூட்டியும், குனிந்து ஓடும் வண்டிகளுக்கு 17 சென்ரிமீற்றர் அளவிலும் அவர்கள் சீற் செய்தார்கள். இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அகலம் தீர்மானிக்கப்பட்டது. பின்னர் தோலின் இடத்தை றெக்சின் போர்த்திய நுரைமெத்தைச் சீற்றுகள் பிடித்தன. அவை மலிவு, மழைக்குப் பயப்படாதவை, கடையில் விரலால் அழுத்திப் பார்த்தால் இதமானவை. ஆனால் இருப்பவரின் உடலுக்கு ஏற்ற அகலத்தைத் தெரிவு செய்யும் வழக்கம் அந்த மாற்றத்தோடு மறைந்துபோயிற்று.

அகலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எலும்புக்கூடு சொல்கிறது. நாம் இருக்கும்போது பாரத்தைத் தாங்குவதற்கென்று இடுப்பெலும்பின் அடியில் இரண்டு புடைப்புகள் உண்டு. அவற்றை இருக்கை எலும்புகள் என்று சொல்லலாம். வாங்கில் இரு கைகளையும் அடியில் வைத்து அதன் மேல் இருந்தால் அவை நன்றாகத் தட்டுப்படும். அவற்றுக்கிடையிலான தூரம் பெரும்பாலானோருக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றருக்குள் அமையும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூட. இந்த எலும்புகளின் மேலுள்ள தசையும் கொழுப்பும் பாரத்தைத் தாங்கக்கூடியவை. அவற்றுக்கு நடுவிலுள்ள மென்பகுதியின் நிலை வேறு. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் இரத்தக் குழாயும் அதனூடாகவே ஓடுகின்றன. தொடர்ச்சியான அழுத்தத்தைத் தாங்கும்படி அது படைக்கப்படவில்லை. சீற் இரண்டு எலும்புகளையும் தாங்குமளவுக்கு அகலமாக இல்லாவிட்டால் எலும்புகள் இரு பக்கமும் வெளியே தொங்க, பாரம் முழுவதும் நடுவே இறங்கும். அகலம் மிதமிஞ்சினாலும் கேடுதான்: உழக்கும்போது தொடையின் உட்பக்கம் விளிம்பில் உரஞ்சும், உடல் தன்னை அறியாமல் முன்னே நழுவி மூக்கில் போய் இருக்கும். உயரமோ பருமனோ இந்தத் தூரத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. மெலிந்த ஒருவருக்கு அகன்ற எலும்பும், பருத்த ஒருவருக்கு ஒடுங்கிய எலும்பும் இருக்கலாம். ஆகவே ஆளைப் பார்த்துச் சீற் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் பிழைக்கவே செய்யும்.

மென்மைதான் சுகம் என்ற நம்பிக்கையை இனிப் பார்க்கலாம். தடித்த நுரைமெத்தையில் இருந்தவுடன் எலும்புகள் கீழே புதைகின்றன. அவை புதைந்த அளவுக்கு நடுவிலுள்ள நுரை மேலெழும்புகிறது. தாங்க வேண்டிய எலும்பில் அழுத்தம் குறைந்து, தாங்கக்கூடாத நடுப்பகுதியில் கூடுகிறது. முதல் பத்து நிமிடம் இதமாகத்தான் இருக்கும். அதனால்தான் கடையில் அழுத்திப் பார்ப்பவர் ஏமாறுகிறார். அரைமணி நேரம் போனபின் விறைப்பும் எரிச்சலும் தொடங்கும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் 90 பொலிஸாரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, பாரம் எங்கே இறங்குகிறது என்பதன் முக்கியத்தைத் தெளிவாகக் காட்டியது. முன்மூக்கு இல்லாத, இருக்கை எலும்புகளை மட்டும் தாங்குகிற சீற்றுகளை அவர்கள் ஆறு மாதம் பாவித்தனர். நடுப்பகுதியின் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. விறைப்பு இல்லை என்று சொன்னவர்கள் 27 வீதத்திலிருந்து 82 வீதமாக உயர்ந்தனர். மெத்தையைக் கூட்டி இந்த மாற்றம் கிடைக்கவில்லை. பாரத்தை எலும்புக்கு மாற்றியதால் கிடைத்தது.

அப்படியானால் மூக்கையே வெட்டிவிடலாமே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சிறந்த இடம் ஒற்றைச் சில்லு வண்டி. சர்க்கஸ் கூடாரங்களில் நாம் பார்த்த அந்த வண்டி, ஜப்பானில் 1989ஆம் ஆண்டின் பாடத்திட்ட வழிகாட்டியின் மூலம் ஆரம்பப் பாடசாலை உடற்பயிற்சியிலேயே இடம்பெற்றது. அதில் ஹாண்டில் இல்லை. கையில் பாரத்தைப் பகிர வழியில்லை. பெடல் சில்லோடு நேரே பொருத்தப்பட்டிருப்பதால் உழக்குவதை நிறுத்தி ஓய்வெடுக்கவும் முடியாது. பழகுபவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடமே பாரத்தைக் காலில் அல்லாமல் சீற்றில் போட வேண்டும் என்பதுதான். சீற்றில் உள்ள குறை சைக்கிளில் மறைந்திருக்கலாம். இந்த வண்டியில் மறைய இடமே இல்லை. அதனால் ஒற்றைச் சில்லு ஓடுபவர்கள் சீற்றைப் பற்றி யோசித்த அளவுக்கு வேறு எவரும் யோசித்திருப்பார்களோ தெரியாது. முன்னும் பின்னும் உயர்ந்து நடுவே வளைந்த வடிவத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நுரைக்குப் பதில் சைக்கிள் ரியூப்பை மடித்து உறைக்குள் வைத்துக் காற்றடித்துப் பார்த்தார்கள். நடுவில் பள்ளம் வைத்தார்கள். நீண்ட தூரம் ஓடுபவர்களிடையே காலப்போக்கில் மெத்தை குறைந்த, அடித்தட்டு விறைப்பான, தட்டையான சீற்றுகள் இடம்பிடித்தன. சாய்வைத் திருத்த, சீற்றின் அடித்தட்டுக்கும் தாங்கும் குழாயின் தகட்டுக்கும் நடுவே வாஷர் வைத்து ஆணியை இறுக்கும் எளிய உத்தியும் அவர்களிடம் உண்டு. மூக்கை மட்டும் அவர்கள் வெட்டவில்லை. தொடைகளுக்கு நடுவே அது இருந்தால்தான் வண்டி உடலின் கட்டுப்பாட்டில் நிற்கும். சைக்கிளிலும் மூக்குக்கு அதே வேலை சிறிதளவு உண்டு. மணல் ஒழுங்கையில் பின்பாரத்தோடு ஓடும்போது அதன் உதவி தெரியும். ஆகவே மூக்கை நீக்குவதை விட, மூக்கில் பாரம் இறங்காதபடி சீற்றைப் பொருத்துவதே நமது தேவைக்கு ஏற்றது.

பொருத்துவதில் முதல் இடம் உயரத்துக்கு. உயரம் முழங்காலுக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ணுவது தவறு. ஆசனத்தின் சுகத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. கால் நன்றாக நீண்டு பெடலை அழுத்தும்போது அந்த அழுத்தம் உடலைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கிறது. சீற் தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகையாக மடங்கி, கால் பாரத்தைத் தாங்காமல் வெறுமனே சுற்றுகிறது. முழுப் பாரமும் பின்பகுதிக்கு வந்துவிடுகிறது. சீற் மிக உயர்ந்தாலோ, பெடலை எட்டுவதற்காக இடுப்பு இரு பக்கமும் ஆடித் தோலை உரஞ்சும். 1967இல் ஹாம்லி, தொமஸ் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், கீழே நிற்கும் பெடலிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரையான தூரம் உட்கால் நீளத்தின் 109 வீதமாக இருக்கையில் உழக்குவது சிறப்பாக அமைகிறது என்று கண்டார்கள். கிறெக் லெமொண்ட் என்ற சைக்கிள் ஓட்டவீரரின் பெயரால் அறியப்படும் வழி, கிராங் அச்சிலிருந்து சீற் வரை உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கி எடுக்கச் சொல்கிறது. 76 சென்ரிமீற்றர் உட்கால் உள்ள ஒருவருக்கு இரண்டையும் கணக்கிட்டு, இரண்டாவதோடு கிராங்கின் நீளத்தையும் கூட்டினால் முடிவில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான் வித்தியாசம் வரும். கணக்குத் தேவையில்லாத வழியும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து உழக்கினால் முழங்காலில் சிறு மடிப்பு தானாக அமையும். பாட்டா செருப்போடு ஓடுபவர் அந்தச் செருப்போடேயே இறுதியில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். உயரமான சீற் ஆபத்தானது; இரண்டு காலும் தரையில் ஊன்றினால்தான் கண்டி வீதியில் பஸ் நெருங்கும்போது உடனே நிற்கலாம் என்பார்கள். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் தேங்காய்ச் சாக்கைக் கரியரில் கட்டி வருபவர்களுக்கும் இந்த அச்சம் பொருள் உள்ளது. அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு தேவை என்று அது காட்டுவதில்லை. பழகும் பிள்ளைக்குச் சீற் தாழ்வாகவே இருக்கட்டும். ஓட்டம் கைவந்த பிறகு சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். பாரம் ஏற்றுபவர் அடிக்கடி இறங்கித் தள்ளுகிறார். அவருக்கு ஒரு பாதத்தின் முன்பகுதியாவது தரையைத் தொடும் உயரம் போதும். வயதானவருக்குப் பார் இல்லாத வண்டி உயரப் பிரச்சினையை விட ஏறி இறங்கும் பிரச்சினையை நன்றாகத் தீர்க்கும். ஆனால் நாள்தோறும் 10 கிலோமீற்றர் போய்வரும் உயர்தர மாணவருக்கு, பத்து வயதில் வைத்த உயரமே நிலைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நிற்கும்போது சீற்றை விட்டு முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றும் முறையைப் பழகிக்கொண்டால், உயரமான சீற்றும் பாதுகாப்பானதே. அதற்கு அப்பால் ஒரு வண்டி ஆளுக்குப் பெரிதானால் சீற்றை எவ்வளவு இறக்கினாலும் பொருந்தாது. 24 அங்குலச் சட்டமுள்ள வண்டியில் ஒரு குள்ளமானவர் மூக்கின் நுனியில் இருந்து உழக்குவது சீற்றின் குற்றம் அல்ல. வண்டியின் அளவே பிழை.

உயரத்துக்கு அடுத்தது சாய்வும் முன்பின் நிலையும். சீற்றின் மேற்பரப்பு தரைக்குச் சமாந்தரமாக இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நீளமான பலகையைச் சீற்றின் மேல் முன்பின்னாக வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நடுப்பகுதி நசிபடும். மிகவும் கீழே சரிந்திருந்தால் உடல் முன்னே வழுக்கும். அதைத் தடுக்கக் கைகளால் ஹாண்டிலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டி, உள்ளங்கையும் தோள்மூட்டும் நோகும். ஆகவே ‘கை விறைக்கிறது’ என்று சொல்பவரின் குறையும் சில வேளைகளில் சீற்றில்தான் இருக்கும். ஒற்றைச் சில்லு வண்டியில் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். தள்ளிப் பிடிக்க ஹாண்டில் இல்லாததால் முன்னே வழுக்குவதைத் தடுக்க வேறு வழி அங்கே இல்லை. இரண்டு வண்டிகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. ஆனால் உடல் வழுக்காமல் எலும்பில் நிலையாக இருக்க வேண்டும் என்ற நோக்கம் ஒன்றே. நமது வண்டிகளில் சீற்றைக் குழாயோடு பிடிக்கும் கிளிப்பில் பல்லுள்ள வட்டத் தகடுகள் உண்டு. அவை தேய்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் மூக்கு எழும்பிவிடும். அந்தக் கிளிப்பைப் புதிதாக மாற்றுவது சீற்றை மாற்றுவதைவிடச் செலவு குறைந்தது, பலன் பெரிது. கிளிப்பைத் திருப்பிப் பூட்டியே சீற்றை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதும் பலர் கவனியாத விடயம்.

பெண்களின் நிலை தனியாகப் பேசப்பட வேண்டியது. குடாநாட்டில் மாணவிகளும் ஆசிரியைகளும் சைக்கிளில் போவது பல தலைமுறையாக இயல்பான காட்சி. ஆனால் சீற்றைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்களிடமே நடந்தன. பெண்களின் முறைப்பாடு வாய்விட்டுப் பேசப்படுவதும் இல்லை. 2012இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஹாண்டில் சீற்றை விடத் தாழ்வாக உள்ள வண்டிகளை ஓடும் பெண்களுக்கு நடுப்பகுதியில் அழுத்தம் கூடி உணர்வு குறைவதைக் காட்டியது. நமது லேடீஸ் சைக்கிளில் ஹாண்டில் உயர்ந்திருக்கிறது. இந்த வகையில் அது நல்ல அமைப்பு. மலைப் பாதைக்கென்று செய்யப்பட்ட, ஹாண்டில் தாழ்ந்த வண்டிகளைப் புதுமைக்காக வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய வண்டிகளோடு வரும் சீற் பெரும்பாலும் ஒடுங்கியது. பாடசாலைச் சீருடையோடு நிமிர்ந்து இருந்து ஓடும் ஒரு மாணவியின் இருக்கை எலும்பு அதில் அடங்காது. நிமிர்ந்து இருக்கும் அளவுக்குச் சீற் அகலமாக வேண்டும் என்பது ஆண் பெண் இருவருக்கும் பொது விதி. தடித்த தையல் மடிப்பு சீற்றுக்கும் உடலுக்கும் நடுவே வந்தாலும் புண்படும். வியர்வையும் வெயிலில் காய்ந்த றெக்சினும் சேரும் நம் காலநிலையில், பருத்தி உள்ளாடையும் சீற்றுக்கு ஒரு துணி உறையும் தரும் நன்மையை இன்னொரு அங்குல நுரை தராது.

‘எல்லாம் பழகினால் சரி’ என்பது இன்னொரு பதில். அதில் பாதி உண்மை உண்டு. நெடுநாள் ஓடாமல் விட்டு மீண்டும் தொடங்குபவருக்கு இருக்கை எலும்பின் மேல் முதல் ஓரிரு வாரம் நோவு வரும். அது தசை பழகும் நோவு, தானாகப் போய்விடும். ஆனால் விறைப்பு பழகிப்போகும் விடயம் அல்ல. நரம்பும் இரத்தக் குழாயும் நசிகின்றன என்ற அறிவிப்பு அது. தோல் உரிதல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வருதல், முழங்காலின் முன்புற நோவு ஆகியவையும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. எலும்பின் மேல் வரும் நோவுக்குக் காலம் கொடுக்கலாம். நடுப்பகுதியில் வரும் விறைப்புக்கு ஸ்பானர்தான் எடுக்க வேண்டும். சைக்கிளே உடலுக்குக் கேடு என்று இதிலிருந்து எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மேலே சொன்ன 2018ஆம் ஆண்டு ஆய்வு, நீந்துபவர்களோடும் ஓட்டப் பயிற்சி செய்பவர்களோடும் ஒப்பிட்டபோது சைக்கிள் ஓடும் ஆண்களின் பாலியல் நலம் தாழ்ந்திருக்கவில்லை என்றும் கண்டது. இதயத்துக்கும் தசைக்கும் சைக்கிள் செய்யும் நன்மை பெரிது. தவறான சீற்றால் ஒருவர் சைக்கிளைக் கைவிட்டால், அந்த நன்மை முழுவதையும் இழக்கிறார். சீற்றைச் சரிசெய்வது முக்கியமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆய்வுகளெல்லாம் வெளிநாட்டில், விலையுயர்ந்த வண்டிகளில் நடந்தவை. கொடிகாமத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது சரியான கேள்வி. குனிந்து ஓடும் பந்தய வீரரைப் பற்றிய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். அதனால்தான் பந்தயத்தை விடப் பொலிஸாரின் ஆய்வு நமக்கு நெருக்கமானது: அவர்களும் வேலைக்காக, மணிக்கணக்காக ஓடுபவர்கள். நிமிர்ந்த இருப்பில் பாரம் இன்னும் கூடுதலாகப் பின்னால் வருகிறது. ஆகவே எலும்பைத் தாங்கும் அகலம் என்ற முடிவு நமக்கு வலுவடைகிறதே தவிர மெலிவடைவதில்லை. எலும்பு எங்கும் எலும்புதான். அதோடு இந்த அறிவைப் பயன்படுத்தச் செலவு எதுவும் இல்லை. சிற்றலை வைத்த காட்போட் மட்டை ஒன்றை வாங்கின் மேல் போட்டு, சைக்கிளில் இருப்பதுபோல் சிறிது குனிந்து ஒரு நிமிடம் இருந்து எழும்பினால் இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து, நிமிர்ந்து ஓடுபவர் 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை கூட்டினால் தேவையான அகலம் கிடைக்கும். கடையில் சீற் வாங்கும்போது விரலால் அழுத்திப் பார்ப்பதற்குப் பதில் அடிமட்டத்தால் அளந்து பார்க்க வேண்டும்.

இனி எந்த ஒழுங்கில் செய்வது என்பது தெளிவாகிறது. இருக்கும் சீற்றைக் குறை சொல்வதற்கு முன் உயரத்தைத் திருத்த வேண்டும், பிறகு சாய்வு, பிறகு முன்பின் நிலை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், அரை சென்ரிமீற்றர் அளவில் மாற்றி, சில நாட்கள் ஓடிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நன்மை செய்தது என்று அறிய முடியாது. இவை மூன்றும் சரியான பிறகும் எலும்பு சீற்றில் அடங்காவிட்டால்தான் புதுச் சீற் தேவை. அப்போதும் அளந்த அகலத்தில், அடித்தட்டு உறுதியான, நுரை மெல்லியதான, முடிந்தால் நடுவில் பள்ளமுள்ள ஒன்றையே எடுக்க வேண்டும். கல்லும் குழியுமான வீதிக்கு ஸ்பிறிங் நல்லது. அது அதிர்ச்சியை வாங்குகிறது, எலும்பைப் புதைப்பதில்லை. சீற்றைத் தாங்கும் குழாயை, அதில் பொறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேல் வெளியே இழுத்துவிடக் கூடாது, இழுத்தால் முறியும். கடலேரிக் காற்றின் உப்பும் மாரி மழையும் அந்தக் குழாயைச் சட்டத்தோடு துருப்பிடித்து ஒட்டவைத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசாத வண்டியில், பிள்ளை வளர்ந்தாலும் சீற் வளராது. றெக்சின் கிழிந்து மழைநீர் ஊறிய நுரை, காய்ந்த பிறகும் பழைய வடிவத்துக்கு வராது; அதன் மேல் உறை போடுவது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

ஆகவே இந்தக் கட்டுரையின் முடிவு எளிமையானது. சுகமான சீற் என்று தனியாக ஒன்று கடையில் இல்லை; ஒருவரின் எலும்புக்கும் காலுக்கும் வண்டிக்கும் பொருந்திய சீற்தான் சுகமானது. அந்தப் பொருத்தத்தில் பெரும் பகுதியை ஒரு ஸ்பானரும் அரைமணி நேரமும் தந்துவிடும். சைக்கிள் திருத்தும் கடைக்காரர், ரயர் மாற்ற வந்த வண்டியின் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அந்தக் கைப்பழக்கம் அவருக்கு வாடிக்கையாளரைச் சேர்க்கும். மாணவர்களுக்குச் சைக்கிள் நன்கொடை செய்யும் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும், வண்டியைக் கையளிக்கும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி இருத்திச் சீற்றைப் பொருத்திக் கொடுக்க ஒருவரை ஒழுங்கு செய்ய வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பிள்ளையின் கால் பெடலில் நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். விறைக்கிறதா, நோகிறதா என்று வெட்கத்துக்கு இடமில்லாமல் கேட்க வேண்டும். எண்ணெய் இல்லாத காலங்களில் இந்த மண்ணைத் தாங்கிய வாகனம் இது. அடுத்த தட்டுப்பாடு வரும்வரை காத்திராமல், இன்றே அதில் ஏறும் பிள்ளைகள் நோவில்லாமல் ஓடும்படி செய்வது நம் கடமை.